பாதாம் மரம் சிவந்தால் வெட்ட வேண்டுமா?

‘எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் பாதாம் மரம், தை பிறந்ததும் ரத்தச் சிவப்பாகி இலையைக் கொட்டுகிறது. கம்பெனிப் புகை பட்டு மரம் சாகிறது, வெட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?’ - திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி.

வெட்ட விடாதீர்கள் சகோதரி. உங்கள் மரம் சாகவில்லை. அது அறுவடை செய்துகொண்டிருக்கிறது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் நாம் பாதாம் என்று சொல்வது நாட்டுவாதுமை. குளிர் நாடுகளில் பகல் குறைந்து குளிர் ஏறும்போது மேப்பிள் மரங்கள் சிவக்கின்றன. நம்மூரில் அந்த அளவு குளிர் இல்லை. ஆனால் மார்கழியோடு மழை ஓய்ந்து, தையில் வறட்சி தொடங்குகிறது. அகலமான இலை நிறைய நீரைச் செலவழிக்கும் என்பதால், மரம் அதை உதறிவிடத் தயாராகிறது.

உதறுவதற்கு முன்பு சத்தை மீட்கிறது. இலையின் தழைச்சத்தில் பெரும்பகுதி, பச்சையத்தோடு சேர்ந்து வேலை செய்யும் புரதங்களில் இருக்கிறது. மரம் அவற்றைச் சிதைத்து, தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறைய பாதியைக் கிளைக்கு இழுத்துக்கொள்கிறது. பச்சையமும் சிதைகிறது. அப்போது இவ்வளவு நாளும் பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. கேரட்டிலும் பப்பாளியிலும் இருக்கிற அதே குடும்பத்து நிறமிதான் அது. பூவரசு இலை மஞ்சளாவது இதனால்தான்.

சிவப்பு வேறு கதை. அது ஏற்கெனவே இருந்ததல்ல, இலை சாகும் தறுவாயில் புதிதாகச் செய்வது. பெயர் ஆந்தோசயனின். நாவல் பழத்துக்கும் கறுப்புக்கவுனிக்கும் நிறம் கொடுப்பதும் இதுவே. சாகப்போகிற இலை எதற்காக இந்தச் செலவு செய்கிறது? பச்சையம் சிதையும் நேரத்தில் வெயில் நேராக விழுந்தால் உள்ளிருக்கும் திசு கருகிவிடும், சத்தை மீட்க முடியாது. அதனால் சிவப்பு ஒரு பந்தல்போல நிழல் தருகிறது என்பதே இப்போதுள்ள விளக்கங்களில் வலுவானது. மாந்துளிர் செம்பு நிறத்தில் வருவதற்கும் இதே காரணத்தைச் சொல்கிறார்கள். முடிந்தவுடன் காம்படியில் தக்கை போன்ற அடுக்கு உருவாகி, இலை காயமில்லாமல் கழன்று விழுகிறது.

ஆனால் வீட்டுக்காரர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடியதை யார் மறப்பார்கள்? அனல்மின் நிலையச் சாம்பலும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. எனவே எது இயற்கை, எது காயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இயற்கையாக உதிரும் இலை மெதுவாக, நாள் கணக்கில் நிறம் மாறும். மரம் முழுக்க முதிர்ந்த இலைகள் மாறும், நுனி மொட்டு உயிரோடு இருக்கும். அம்மோனியா தாக்கினால் இலை முதலில் வெந்நீர் பட்டதுபோல் ஆகி, பழுப்பாகவோ கறுப்பாகவோ கருகும். மஞ்சள், சிவப்பு என்ற படிகளே இருக்காது. இளந்துளிரும் சேர்ந்து போகும். கந்தகப் புகையில் நரம்பு பச்சையாக இருக்க, நடுவே வெளுத்த திட்டுகள் விழும். உப்புக்காற்று என்றால் கடலைப் பார்த்த பக்கத்து இலைகளின் ஓரமும் நுனியும் மட்டும் காயும். சாம்பல் படிந்த இலையை விரலால் தேய்த்தாலே தெரிந்துவிடும். அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். சாம்பல் அதிகம் படிந்த சருகைக் கீரைப் பாத்தி உரத்தில் சேர்க்க வேண்டாம்.

வயலிலும் இந்தப் பாடம் உதவும். நெல்லில் கீழ் இலைகள் நுனியிலிருந்து வெளிறினால், பயிர் பழைய இலையிலிருந்து தழைச்சத்தைப் புது இலைக்கு அனுப்புகிறது, அதாவது தட்டுப்பாடு. இளம் இலை மட்டும் வெளிறினால் யூரியா போட்டுப் பயனில்லை, பெரும்பாலும் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். இரும்பு பழைய இலையிலிருந்து எளிதில் நகராது. இளம் மக்காச்சோளம் ஊதா பூத்தால் மணிச்சத்துக் குறைவா என்று பாருங்கள். மாட்டு வண்டியோ டிராக்டரோ, மூட்டையை ஏற்றுவதற்கு முன் எந்த இலை நிறம் மாறியது என்று குனிந்து பார்ப்பது செலவில்லாத வேலை.

உங்கள் பாதாம் சருகை எரிக்காதீர்கள். சுத்தமான சருகைச் செடிகளுக்கு மூடாக்குப் போடலாம். கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தொட்டித் தண்ணீரில் போட இந்தச் சருகைத்தான் தேடுவார்கள்.

மாசி கடந்தும் துளிர் வரவில்லையென்றால் சிறு கிளையில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. உலர்ந்து பழுப்பாக இருந்தால், அடுத்த கிளையையும் சுரண்டிப் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.