எள்ளலும் அன்பும்: திரையுலகைப் பாடிய ஓர் இசை நாடகம்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகக் கண்ட நம் முன்னோர், சிரிப்பையும் இலக்கணத்தின் எல்லைக்குள் கொணர்ந்தனர். நகை பிறக்கும் இடங்கள் நான்கென மெய்ப்பாட்டியலில் வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார். அதற்கு உரை கண்ட பேராசிரியர், எள்ளலை மேலும் இரண்டாகப் பகுத்தார். பிறரைத் தான் எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சேர்ந்து சிரிப்பது மற்றொன்று. இவ்விரண்டாம் வகைச் சிரிப்புக்குப் பெருமனம் வேண்டும். ஒரு கலை தன் குறைகளைத் தானே மேடையேற்றிச் சிரிக்குமானால், அது முதிர்ந்த கலை என்பதில் ஐயமில்லை.

இம்மரபு தமிழுக்குப் புதியதன்று. பம்மல் சம்பந்த முதலியார் அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாகப் புரட்டிச் 'சந்திரஹரி'யை எழுதினார். மறந்தும் உண்மை பேசாத மன்னனே அதன் தலைவன். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில், நந்தனார் காலட்சேபத்தின் சாயலில் 'கிந்தனார்' கதை நடத்தினார். வடிவம் பழையது, பொருளோ கல்வி தேடிச் செல்லும் சிற்றூர்ச் சிறுவன் ஒருவனைப் பற்றியது. மூலத்தை அறிந்து நேசித்த மக்களிடையேதான் இத்தகைய பகடி எடுபடும்.

மேலைநாட்டிலும் இதற்கு ஒப்பான முயற்சிகள் உண்டு. 1930களில் ஹாலிவுட் திரைப்படங்களில் ஆடல் மகளிர் நூற்றுக்கணக்கில் அணிவகுத்தனர். நேற்றுவரை பெயரறியாத பெண் ஒருத்தி ஒரே இரவில் புகழின் உச்சியை அடைவாள். 1933இல் வெளிவந்த '42ஆம் தெரு' இவ்வகைக்குச் சான்று. அப்படங்களைக் கனிவுடன் கேலி செய்து, 1966இல் நியூயார்க் நகரின் காப்பிக் கடை ஒன்றின் சிறு மேடையில் அரங்கேறியது 'டேம்ஸ் அட் சீ'. பின்னர் இன்னும் பெரிய அரங்குகளையும் கண்ட அந்நாடகத்துக்கு ஆறு நடிகர் போதும். நூறு பேர் ஆடிய ஆட்டத்தை அறுவர் ஆடிக் காட்டுவதே அதன் நகைச்சுவை.

நம் நாட்டுத் திரையுலகுக்கு அத்தகைய ஓர் இசை நாடகம் வாய்த்தது 2002ஆம் ஆண்டில். அதுவே 'பாம்பே டிரீம்ஸ்'. இலண்டன் அப்போலோ விக்டோரியா அரங்கில் அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அது தொடங்கியது. மூலக் கருத்து இயக்குநர் சேகர் கபூரும் ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் கண்டது, வெப்பரே தயாரிப்பாளர். நாடகத்தை எழுதியவர் மீரா சயால். பாடல்கள் டான் பிளாக். நெறியாள்கை ஸ்டீவன் பிம்லாட். இசையோ சென்னை தந்த ஏ.ஆர்.ரஹ்மானுடையது. 1992இல் 'ரோஜா'வில் அறிமுகமான அவர், பத்தே ஆண்டுகளில் இலண்டன் மேடைக்கு இசையமைத்தார்.

கதை நாம் பல படங்களில் கண்டதே. மும்பைக் குடிசைப்பகுதியில் வாழும் ஆகாஷ் திரை நாயகனாகக் கனவு காண்கிறான். அவன் வாழும் குடிசைகளுக்கோ இடிபடும் அச்சம். திரைப்பட இயக்குநரின் மகள் பிரியாவின் மீது அவனுக்குக் காதல் பிறக்கிறது. அவளோ வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். ஏழை நாயகன், செல்வர் வீட்டு மகள், நல்லவன் போல் நடிக்கும் வஞ்சகன் என எல்லாம் பழைய அச்சில் வார்க்கப்பட்ட பாத்திரங்கள். நனைந்த சேலையில் நாயகி ஆடும் திரை வழக்கத்தைக் காட்ட, மேடையிலேயே நீரூற்றுகள் பீறிட்டன. அப்போது ஒலித்தது, 1999இல் 'முதல்வன்' படத்தின் வழியே தமிழர் அறிந்த 'ஷக்கலக்க பேபி'.

நீலகிரி மக்களுக்கு இந்நாடகத்தில் தனி உரிமை ஒன்று உண்டு. 1998இல் மணிரத்னம் இயக்கிய 'தில் சே' படத்தில், ஓடும் மலை இரயிலின் கூரைமேல் நிகழ்ந்த 'சைய சையா' ஆடலை நினைவுகூர்க. 'உயிரே' எனத் தமிழில் வந்தபோது அது 'தைய தையா' ஆயிற்று. அப்பாடலின் வேர் பஞ்சாபின் சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவின் மரபில் உள்ளது. படமாக்கப்பட்டதோ நம் நீலகிரி மலை இரயிலில். 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்ற இருப்புப்பாதை அது. அவ்வாடலை அமைத்த ஃபரா கானே, ஆந்தனி வான் லாஸ்டுடன் இணைந்து இலண்டன் மேடைக்கும் ஆடல் அமைத்தார். அப்பாடலும் அங்கே இடம்பெற்றது. குன்னூர்ச் சரிவில் ஆடிய ஆட்டம் தேம்ஸ் நதிக்கரை நகரையும் ஆட்டுவித்தது எனலாம்.

இனி, ஒரு வினா எழுகிறது. அயல்நாட்டார் முன் நம் திரைப்படத்தை நாமே நகைப்புக்குரியதாக்குவது தகுமா? இவ்வினாவைப் புறந்தள்ளலாகாது. ஆயின், நாடகம் எங்கே சிரிப்பை நிறுத்துகிறது என்பதை நோக்குதல் வேண்டும். ஆகாஷின் தோழியாக வரும் சுவீட்டி ஒரு திருநங்கை. திருநங்கையரை இழிந்த நகைப்புக்கே பயன்படுத்திய திரைப்படங்கள் பல. இந்நாடகமோ அவளுக்கு ஒரு காதலையும், அக்காதலின் துயரைப் பாட ஒரு பாடலையும் அளித்தது. ஆகாஷ் புகழ் பெற்றதும் தான் பிறந்த குடிசையையும் வளர்த்த பாட்டியையும் மறக்கிறான். பின்னர் நெஞ்சு சுட்டு வீடு திரும்புகிறான். அவ்விடங்களில் பகடி இல்லை. போலிப் பகட்டை எள்ளிய நாடகம், எளியோரின் கண்ணீரை எள்ளவில்லை. எள்ளலில் அன்பு உண்டா என்பதை அளக்க இதுவே உரைகல்.

இலண்டனில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் நடந்து, 2004 ஜூன் 13ஆம் நாள் நாடகம் நிறைவெய்தியது. அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று, தாமஸ் மீஹனும் கைவைத்துத் திருத்திய வடிவில் நியூயார்க்கில் அரங்கேறியது. அங்கே 284 காட்சிகளோடு 2005 ஜனவரி முதல் நாளில் முடிந்துவிட்டது. இலண்டனிலோ இந்தியப் படங்களோடு வளர்ந்த தெற்காசியக் குடும்பங்கள் மிகப் பல. மூலத்தை அறியாதவனுக்குப் பகடி பாதி விளங்கும். மூலத்தை நேசியாதவனுக்கு அப்பாதியும் சுவைக்காது.

கூடலூர், தேவர்சோலைத் தேயிலைச் சரிவுகளிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு ஆகாஷின் கதை அயலதன்று. கற்று, நகரம் சென்று, பெயர் பெற்றபின், கொழுந்து பறித்த கைகளை மறப்போமா என்பதே அவர்முன் நிற்கும் வினா. ஆண்டு விழா மேடையில் பழைய படக் காட்சிகளைப் பகடி செய்து நடிக்கும் இளைஞர்கள் இரண்டை உளங்கொள்க. அறுவர் போதும், ஆடம்பரம் வேண்டா, இது ஒன்று. தோட்டத் தொழிலாளியின் பேச்சையோ ஏழையின் உடையையோ எள்ளாது, பொய்யையும் பகட்டையுமே எள்ளுக, இது மற்றொன்று. அவ்வாறு செய்தால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோரும் நம்மோடு சேர்ந்து சிரிப்பர். எவர் மனமும் புண்படாமல் எல்லாரும் வீடு திரும்பும் சிரிப்பே கலை தரும் நற்சிரிப்பு.