குட்டி பைக்குக்கும் மூச்சு முட்டும்!

பெண்கள் பத்திரிகையில் மோட்டார் பைக் சமாசாரமா என்று மூக்கின் மேல் விரல் வைக்காதீர்கள்! வாங்கித் தருவது அப்பா, ஓட்டுவது பிள்ளை. ஆனால் சேறும் புழுதியுமாக அது வந்து நிற்பது நம் வீட்டு வாசலில்தானே?

'டர்ட் பைக்' என்பது மண் தரையில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. சின்னக் குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி 50 சி.சி. அளவில் குட்டி வண்டிகள் உண்டு. யமஹாவின் பி.டபிள்யூ. 50 என்ற வண்டி 1980-களின் ஆரம்பத்திலிருந்தே பல நாட்டுக் குழந்தைகளுக்கு முதல் வண்டியாக இருந்து வருகிறது. நம் பக்கத்திலும் தோட்டம், தோப்பு உள்ள சில வீடுகளில் இப்படிக் குட்டி வண்டிகளைப் பார்க்கலாம். பையன்கள் சமாசாரம் என்றும் ஒதுக்கிவிட வேண்டாம். பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பெண்கள் பிரிவில் உலகக் கோப்பை ஜெயித்தது இப்படிப்பட்ட கரடுமுரடான பாதைகளில் ஓட்டித்தான்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சொந்த நிலத்திலும் பயிற்சி மைதானத்திலும் ஓட்டுகிற வண்டி. தெருவில் ஓட்டக்கூடாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர்கள் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வண்டி. "அம்மா, வண்டி இழுக்கவே மாட்டேங்குதும்மா" என்று பிள்ளை ஒரே புலம்பல். மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் பிஸ்டனெல்லாம் கோடு கோடாகத் தேய்ந்து கிடக்கிறது. காரணம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிந்த ஸ்பாஞ்ச். அதுதான் ஏர் ஃபில்டர்.

இன்ஜினும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. பெட்ரோலோடு காற்றையும் இழுத்தால்தான் அது எரியும். முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதியெல்லாம் பின்னால் வருகிற குழந்தையின் வண்டிக்குள்தான் போகப் பார்க்கும். மணல் எத்தனை கெட்டி என்று உங்களுக்குத் தெரியாதா? அந்தக் காலத்தில் பித்தளை அண்டாவை அதை வைத்துத்தானே தேய்த்தோம்! அது இன்ஜினுக்குள் போனால் அங்கேயும் தேய்க்கத்தான் செய்யும். ஃபில்டர் கிழிந்திருந்தால் இந்தக் கதி. அடைத்துப் போயிருந்தாலோ காற்று குறைந்து, பெட்ரோல் முழுசாக எரியாமல் கரும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், வண்டி திணறும்.

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இடத்தில் தூசி எப்படி அப்பிக்கொள்கிறது! இந்த ஸ்பாஞ்சின் தந்திரமும் அதேதான். ஓட்டைகளைவிடச் சின்னத் தூசியைக்கூட அதில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பு எண்ணெய் பிடித்து நிறுத்திவிடும். எண்ணெய் போடாத ஸ்பாஞ்ச் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் வேலை செய்யாது.

சில ஒர்க்‌ஷாப்புகளில் இதைப் பெட்ரோலில் முக்கி அலசுவார்கள். வீட்டில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து போய் அடுப்பிலோ பூஜையறை விளக்கிலோ பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயும் வேண்டாம் என்பேன். மிச்சத்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைப்பார்கள், தவழுகிற குழந்தை ஜூஸ் என்று எடுத்துக் குடித்துவிடும். அப்படி எந்த வீட்டிலாவது நடந்துவிட்டால், விரலை விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைக் கழுவி, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நமக்குப் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். இதற்கென்றே விற்கும் ஃபில்டர் கிளீனர் இருந்தால் இன்னும் சுலபம்.

ஓட்டி வந்த வண்டி நன்றாக ஆறட்டும். மேலே இருக்கும் மண்ணை முதலில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூடியைத் திறந்ததும் அத்தனையும் உள்ளே கொட்டும். ஃபில்டர் பெட்டி சில வண்டிகளில் பக்கவாட்டில் இருக்கும், சிலவற்றில் சீட்டுக்கு அடியில். கூட வந்த புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். ஸ்பாஞ்சை எடுத்த கையோடு, காற்று உள்ளே போகிற துவாரத்தைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அது நல்ல சிவப்புத் துணியாக இருக்கட்டும். திரும்ப மாட்டும்போது எடுக்க மறக்காது பாருங்கள்! அடைப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியால் துவாரத்தின் உட்பக்கத்தை ஒரு தடவை துடைத்துப் பார்ப்பது நல்லது. துணியில் மண் ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஸ்பாஞ்ச் ஒரு கூண்டின் மேல் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுங்கள். பழைய எண்ணெய் பிடிவாதக்காரர், லேசில் போகமாட்டார். இரண்டு மூன்று தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். வேட்டி பிழிகிற மாதிரி மட்டும் முறுக்காதீர்கள், ஒட்டுப் போட்ட இடம் பிரிந்துவிடும். கொதிக்கிற தண்ணீரும் கூடாது. அந்த அழுக்குத் தண்ணீரைச் செடிக்கும் ஊற்றாதீர்கள்.

பிறகு நிழலில் உலர்த்துங்கள். ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் பிடிக்காது. "சாயங்காலமே ஓட்டணும்மா" என்று பிள்ளை அழுதாலும் அசையாதீர்கள். ஃபில்டர் இல்லாமல் பத்து நிமிஷம் ஓட்டினாலும் இன்ஜினுக்குத்தான் கேடு. இதற்குத்தான் கூடுதலாக ஒன்று வாங்கி, எண்ணெய் போட்டுத் தயாராக வைத்திருப்பது சௌகரியம்.

எண்ணெய் போடுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஃபில்டர் ஆயில் என்றே தனியாக விற்கிறது. சாதாரண இன்ஜின் ஆயில் நாளாவட்டத்தில் கீழே வடிந்து ஓரிடத்தில் சேர்ந்துவிடும். ஸ்பாஞ்சை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, எண்ணெயை ஊற்றி, பஜ்ஜி மாவு பிசைவது போல வெளியிலிருந்தே பிசைந்தால் கையும் கெடாது, எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவும். மிச்சம் சொட்டாதபடி அமுக்கி எடுத்துவிடுங்கள். கூண்டில் மாட்டி, விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி, சிவப்புத் துணியை எடுத்துவிட்டு, இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். பாத்திரத்துக்குக் கோணல் மூடி போட்டால் ஆவி போகிற மாதிரி, ஃபில்டர் ஒரு ஓரம் தூக்கியிருந்தாலும் தூசி அந்த வழியாகத்தான் போகும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்பீர்கள். நல்ல புழுதியில் ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் திறந்து பாருங்கள். கறுத்திருந்தால் கழுவ வேண்டியதுதான். கிழிசல், ஒட்டு விட்ட தையல், அமுக்கினால் திரும்ப எழும்பாத ஸ்பாஞ்ச், தொட்டால் பொடியாக உதிர்வது, இதில் எது தெரிந்தாலும் புதுசு மாற்றிவிடுங்கள். ஊசி நூலால் தைத்துச் சமாளிக்கிற சிக்கனம் இங்கே செல்லாது. இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவில் இந்த ஸ்பாஞ்ச் எத்தனையோ வாங்கலாம்.

ஸ்பாஞ்ச் கழுவிய உற்சாகத்தில் உங்கள் ஸ்கூட்டரின் ஃபில்டரையும் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடப் போகிறீர்கள்! இன்றைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் இருப்பது காகித ஃபில்டர். அதைத் தண்ணீரில் நனைத்தால் பாழ். எண்ணெய் தோய்த்த காகிதமாக இருந்தால் காற்றடித்தும் சுத்தம் செய்யக்கூடாது. புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வந்ததும், புழுதி ரோடாக இருந்தால் அதற்கு முன்பே, புதுசு போடச் சொல்லுங்கள்.