பட்டுக்கடைக்கு ஒரு மியூசியம்

கே.ஜி.கண்டிகையில் நான் நடத்துவது சின்னத் தையல் கடை. ஜாக்கெட் தைப்பேன், ஃபால்ஸ் வைப்பேன், முந்திக்குக் குஞ்சம் கட்டுவேன். திருத்தணி மலையில் கல்யாணம் என்றால் முகூர்த்தப் புடவை ஒரு ராத்திரியாவது என் மேஜையில் தங்கிவிட்டுத்தான் போகும். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் இங்கே தெலுங்குச் சம்பந்தம் அதிகம். மாப்பிள்ளை வீட்டார் தர்மாவரம் எடுத்திருந்தால் பெண் வீட்டார் காஞ்சிபுரம் எடுத்திருப்பார்கள்.

வாடிக்கையாக வரும் ஒரு பெண்மணி ஒருநாள் போனை நீட்டினார். "இதைப் பாருங்கக்கா, பையன் பீஜிங் போனப்ப எடுத்தது. பட்டுக்கடையாம்!" கல்லில் பூவும் கொடியுமாகச் செதுக்கிய முகப்பு, கோயில் வாசலோ என்று நினைத்தேன். ருய்ஃபுஷியாங் என்பது அந்தக் கடையின் பெயர். பழைய பீஜிங்கின் தாஷிலான் கடைத்தெருவில் 1893இல் தொடங்கியது. ஷான்தோங்கிலிருந்து வந்த மெங் என்ற வணிகக் குடும்பம் நடத்தியது. 1900இல் பாக்ஸர் கலகத்தின்போது தெருவோடு எரிந்துபோய், மறுபடி எழுந்து நின்றது. 1949 அக்டோபர் 1 அன்று தியானன்மென் சதுக்கத்தில் மாவோ ஏற்றிய முதல் கொடிக்குத் துணி கொடுத்தது தாங்கள்தான் என்று அந்தக் கடைக்காரர்கள் இன்றும் பெருமையடித்துக்கொள்கிறார்கள். கட்டடத்தை அரசு பாதுகாக்கிறது, உள்ளே வியாபாரமும் நடக்கிறது. பட்டுக்கென்றே ஹாங்சோவில் ஒரு தேசிய அருங்காட்சியகம் 1992இலிருந்து இருக்கிறது.

"நம்ம பக்கம் இப்படி ஒண்ணு இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். கேள்வி என்னோடு தங்கிவிட்டது. கடையை மூடிவிட்டு, திருத்தணியில் மின்சார ரயில் பிடித்து, சென்னையில் பஸ் மாறி, முட்டுக்காட்டில் இறங்கினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போகத்தான்.

தட்சிணசித்ரா 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. டெபோரா தியாகராஜன் தொடங்கிய சென்னை கைவினை அறக்கட்டளை நடத்துகிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை பட்ட இடம். இடிக்கப்போகும் பழைய வீட்டை விலைக்கு வாங்கி, தூணும் உத்தரமுமாகக் கழற்றி, லாரியில் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்ரகார வீடு, கேரளத்து மர வீடு எல்லாம் உண்டு. எல்லோரும் செட்டிநாட்டு வீட்டில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் நெசவாளர் வீட்டுக்குப் போனேன்.

காஞ்சிபுரத்துத் தறி வீட்டில் மனிதருக்கு ஒதுக்கியது கொஞ்சம், தறிக்கு ஒதுக்கியதுதான் அதிகம். நெசவாளர் தறிக்குழியில் காலை இறக்கி மிதியை மிதிப்பார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி அட்டைகளைப் புரட்டும். ஜக்கார்டு வருவதற்கு முன் அடைத்தறி. பூ விழவேண்டிய இடத்தில் எந்த நூல் மேலே வரவேண்டும் என்று பார்த்து, கட்டிய கயிறுகளை இன்னொரு ஆள் இழுத்துக் கொடுப்பார். இதே வேலைதான் சீனாவின் நான்ஜிங் நகரிலும். அங்கே யுன்ஜின் என்னும் ஜரிகைப் பட்டை ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய தறியில் நெய்கிறார்கள். மேலே ஒருவர் உட்கார்ந்து கயிறு இழுப்பார், கீழே ஒருவர் நாடா ஓட்டுவார். 2009இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது.

என் கைக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம் என்று வரும் காஞ்சிப் புடவையைப் புரட்டி, இரண்டும் சேருமிடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மெல்லிய மேடு தட்டும், ரம்பப்பல் போல ஏறி இறங்கும். அதுதான் கோர்வை. மூன்று நாடா ஓடும்: உடலுக்கு ஒன்று, இரண்டு பக்க பார்டருக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு நிற ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். இதற்கு ஒரு நெசவாளர் போதாது, பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். முந்தியில் பாவு நிறம் மாறினால் அது பெட்னி; பழைய பாவோடு புதுப் பாவை நூல் நூலாகச் சேர்ப்பார்கள். சேர்ந்த இடம் பட்டையாகத் தடித்திருக்கும். கோர்வை இல்லாமல் உடலின் ஊடையே பார்டருக்குள்ளும் ஓடினால், உடலின் நிறம் பார்டரில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதையும் கோர்வை என்று விலை சொல்லி விற்கிறவர்கள் உண்டு. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்ததால் இந்த ஏமாற்று நின்றுவிடவில்லை.

சீனாவுக்கும் காஞ்சிக்கும் பழைய வரவு செலவு உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஹன் வம்ச வரலாறு, பேரரசர் வூ காலத்தில் தூதர்கள் பொன்னும் பட்டும் ஏற்றிக்கொண்டு ஹுவாங்சி என்ற தூர நாட்டுக்குக் கப்பலில் போய், முத்தும் கண்ணாடியும் வாங்கி வந்ததாகச் சொல்கிறது. அந்த ஹுவாங்சி காஞ்சிதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். இன்றைக்கும் இந்தியா சீனாவிலிருந்து கச்சாப் பட்டு இறக்குமதி செய்துகொண்டுதான் இருக்கிறது.

முட்டுக்காட்டில் எனக்கு ஒரு குறை. நெசவு செய்த வீடு இருக்கிறது. விற்ற கடை இல்லை. ஆர்எம்கேவி 1924இல் திருநெல்வேலியில் தொடங்கியது, நல்லி 1928இல் தி.நகரில். அவர்களெல்லாம் மாடி மேல் மாடியாக வளர்ந்து ஓகோவென்று வியாபாரம் செய்கிறார்கள், சந்தோஷம். ஆனால் பாட்டி சொன்ன பட்டுக்கடையை நான் எங்கே போய்ப் பார்ப்பது? தரையில் மெத்தை போட்டு வெள்ளைத்துணி விரித்திருக்குமாம். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். திண்டில் சாய்ந்த முதலாளி, பெண்ணைப் பார்த்துவிட்டுக் கலர் சொல்வாராம். பீரோவிலிருந்து புடவை மடியில் வந்து விழும். நெல் விற்ற பிறகு பணம் கொடுத்தால் போதும், பேரேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வார். அந்தப் பேரேட்டில் ஒரு ஊரின் கல்யாணமெல்லாம் இருந்திருக்கும்.

புடவைகளின் கதி இன்னும் மோசம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றி, தங்கம் பூசியது. "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்று தெருவில் கூவி வருகிறவர்கள் அதை எடைக்கு எடுத்துக்கொண்டு போய் எரித்து வெள்ளியைப் பிரித்துவிடுகிறார்கள். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் கிராமத்துப் பெட்டிகள் காலியாகின்றன. அடைத்தறியில் நெய்த புடவையும் அந்த நெருப்பில்தான் போகிறது. அப்படிப்பட்ட ஒன்றை நெய்துதர இன்று ஆள் தேட வேண்டும்.

காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்று பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு சங்கமாவது தன் கட்டடத்தில் ஓர் அறையைப் பழைய பட்டுக்கடையாக அமைக்கலாம். மெத்தை, திண்டு, மர பீரோ, தராசு, பேரேடு, பத்துப் பழைய புடவை இருந்தால் போதும். புடவை வாங்க வருகிற கூட்டம் எப்படியும் பார்க்கும், டிக்கெட் கூட வேண்டாம். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாட்டியின் பட்டைக் கூவி வருகிறவரிடம் போடும் முன் புரட்டிப் பாருங்கள். கோர்வையும் பெட்னியும் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லை தட்சிணசித்ரா மாதிரி ஓர் இடத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை.