கடைசி ஒரு பீஸ்... 2 பேருக்கு ஆர்டர் கன்ஃபார்ம் ஆவது எப்படி? தடுக்க என்ன வழி?

ஆன்லைன்ல பணம் கட்டி ஆர்டர் போட்டாச்சு. மறுநாள் 'சாரி, ஸ்டாக் இல்லை' என்று மெசேஜ் வருகிறது. ஏன் இப்படி?

என்ன நடக்கிறது?

கூகுளின் ஃபயர்ஸ்டோர் போன்ற கிளவுட் டேட்டாபேஸில், கடையின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு 'டாக்குமென்ட்' வைத்திருப்பார்கள். அதில் ஸ்டாக் 1 என்று வைத்துக்கொள்வோம். 2 பேர் ஒரே நேரத்தில் ஆர்டர் பட்டனை அழுத்துகிறார்கள். இருவரின் போனும் '1' என்று படித்து, ஒன்றைக் கழித்து, '0' என்று எழுதுகின்றன. பார்த்தால் கணக்கு சரிதான். ஆனா, ஒரு பீஸுக்கு 2 ஆர்டர்!

'ஒன்றைக் குறை' என்றால் போதாதா?

'இன்கிரிமென்ட்' வசதியில் புது எண்ணை எழுதாமல், 'ஒன்றைக் குறை' என்று மட்டும் சொல்லலாம். கணக்கை சர்வரே போடும். எந்தக் கழித்தலும் விடுபடாது. ஆனால், ஸ்டாக் மிச்சம் இருக்கா என்று அது பார்க்காது. எண் மைனஸுக்கே போய்விடும்.

அப்போ சரியான வழி?

'டிரான்ஸாக்ஷன்'. ஸ்டாக்கைப் படிப்பது, 0-க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது, குறைப்பது, ஆர்டரைப் பதிவது என எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். நடுவில் வேறு யாராவது எண்ணை மாற்றினால், முதலிலிருந்து மறுபடி படிக்கும். அப்போது 0 என்று வந்தால், ஆர்டரை நிறுத்திவிடலாம். நெட் இல்லாவிட்டால் டிரான்ஸாக்ஷன் நடக்காது என்பதையும் கவனிக்கணும்.

ஆன்லைன் கடை நடத்துறீங்களா? உங்க டெவலப்பரிடம் ஒரு கேள்வி கேளுங்க: 'பணம் வாங்குறதுக்கு முன்னாடியே டிரான்ஸாக்ஷன்ல ஸ்டாக்கைக் குறைக்கிறோமா?'