பியானோவுக்குச் சுருதி கூட்டுவோர்



தம்புராவுக்குச் சுருதி கூட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான்கே தந்திகள், பிருடையைத் திருகி, மணியைச் சற்றே நகர்த்தினால் வேலை முடிந்தது. பியானோவின் நிலை வேறு. அதற்கு 88 கட்டைகள். தந்திகளோ இருநூற்றுக்கு மேல். நடுப்பகுதியிலும் மேற்பகுதியிலும் ஒரு கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று மூன்று தந்திகளை ஒருங்கே தட்டும். அம்மூன்றும் ஒரே தந்திபோல் ஒலித்தல் வேண்டும்.

இத்தொழிலைக் கற்பவன் முதலில் பயில்வது விம்மலைக் கேட்பதைத்தான். இரண்டு தந்திகளுக்கிடையே கம்பளி ஆப்பைச் செருகி வேண்டாத ஒலியை அடக்குகிறான். ஒரு தந்தி நொடிக்கு 440 முறையும், அடுத்தது 442 முறையும் அதிர்ந்தால், ஒலி நொடிக்கு இருமுறை பெருகிச் சுருங்கும். முளையைத் திருகத் திருக அவ்விம்மல் மெதுவாகிப் பின் மறைந்துவிடும். முளை இம்மியளவு திரும்பினும் சுருதி மாறும். நன்கு நிலைபெறாவிட்டால் மறுநாளே தளரும். இதைக் கைதான் கற்க வேண்டும்; புத்தகம் கற்பிக்காது.

கடினமான பகுதி இனித்தான் வருகிறது. ஒரு சட்சத்திலிருந்து தூய பஞ்சமமாகப் பன்னிரண்டு படிகள் ஏறிப் பாருங்கள். ஏழு ஸ்தாயி மேலே அதே சட்சத்தில் போய் நிற்க வேண்டும். நிற்பதில்லை, அரைச்சுரத்தின் கால் பங்களவு கூடுதலாகப் போய்விடும். கணக்கில் வல்லவர்கள் ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள். 128 வராது, ஏறத்தாழ 129.75 வரும். இந்த மிகையைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் சிறிது குறைத்து வைப்பதே இக்காலப் பியானோவின் முறை. நம் வீணை வித்துவான் இதைக் கேட்டால் முகஞ்சுளிப்பார்! எனினும் குறைப்பதிலும் அளவு பிசகக் கூடாது. அளவை அறிவிப்பதும் அதே விம்மல்தான்.

செவியும் கையுமே இத்தொழிலின் முதல் என்றால், கண் இல்லாதவனுக்கு இது ஏன் கைகூடாது? பாரிசு நகரில் இவ்வினாவுக்கு விடை தந்தவர் குளோத் மோந்தால். 1800இல் பிறந்தவர், ஐந்தாறு வயதில் நோயால் பார்வையை இழந்தவர். புள்ளியெழுத்து கண்ட லூயி பிரெயில் பயின்ற பள்ளியிலேயே இவரும் பயின்றார். அங்கிருந்த பியானோக்களை வெளியிலிருந்து ஒருவர் வந்து சுருதி கூட்டுவது வழக்கம். மோந்தாலும் பார்வையற்ற தோழர் ஒருவரும் தாமே முயன்று பார்த்தனர். வந்தவர் முறையிட்டார்; பியானோவைத் தொடலாகாது என்று பள்ளித் தலைவர் தடைவிதித்தார்.

இவ்விடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பார்வையற்ற மாணவன் ஒருவன், "ஐயா, பிரார்த்தனை ஆர்மோனியத்தில் ஒரு ரீட் பிசகி ஒலிக்கிறது, திறந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டான். கெடுத்துவிடுவான் என அஞ்சி மறுத்துவிட்டேன். பழுதுபார்க்க வந்தவர், அவன் சுட்டிய அதே ரீட்டைத்தான் கழற்றினார். அப்பிள்ளையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மோந்தால் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் இருவரும் பழைய பியானோ ஒன்றை வாங்கினர். உறுப்பு உறுப்பாகக் கழற்றித் தடவி அறிந்து மீண்டும் பூட்டினர். அதைக் கண்ட பின் பள்ளியின் பியானோக்கள் அவர்கள் பொறுப்பிலேயே விடப்பட்டன.

1830இல் அவர் வெளியே வந்து தொழில் தொடங்கினார். அதுகாறும் கற்ற தொழிலைவிட வாடிக்கையாளரின் ஐயமே பெருந்தடையாக நின்றது. விலையுயர்ந்த கருவியைக் கண்ணில்லாதவன் கையில் எவர் ஒப்படைப்பார்? மோந்தால் வாதிடவில்லை; இரக்கத்தை வேண்டவுமில்லை. இசைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், தன்மையில் வேறுபட்ட இரு பியானோக்களைக் காட்டி, சேர்ந்து வாசிக்கத் தக்கவாறு ஒரே சுருதியில் அமைக்கச் சொன்னார். மோந்தால் அமைத்துக் கொடுத்தார். அப்பேராசிரியரின் சொல்லே பிற இல்லங்களின் கதவைத் திறந்தது.

பின்பு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தொழில் இரகசியத்தைப் பொத்தி வைக்காமல், பார்வையுள்ளோர்க்கே அதைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். 1836இல், தம் பியானோவைத் தாமே சுருதி கூட்டிக்கொள்ளும் முறையை விளக்கி நூலும் வெளியிட்டார். வாடிக்கையாளர் தாமே கற்றுக்கொண்டால் பிழைப்பு என்னாவது என்று நமக்குத் தோன்றும். பிழைப்பு கெடவில்லை. விம்மலைக் கேட்க முயன்று பார்த்தவனுக்குத்தானே, அதைக் கேட்பவனின் அருமை தெரியும்? மோந்தால் பியானோ செய்யும் தொழிலையும் மேற்கொண்டு, 1865இல் மறையும்வரை பெயருடன் விளங்கினார். பின்னர் இங்கிலாந்தில், 1872இல் தொடங்கப்பட்ட பார்வையற்றோர் கல்லூரி ஒன்றிலும் இத்தொழில் முறையாகக் கற்பிக்கப்பட்டது. அங்குப் பயின்றோர் வீடு வீடாகச் சென்று தம் உழைப்பால் வாழ்ந்தனர்.