நெட் வராத வகுப்புல ஆன்லைன் டூல்ஸ்: தென்காசியில இருந்து ஒரு எபிசோட்

(எபிசோட்டின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

இந்த எபிசோட சென்னையில ரெக்கார்ட் பண்ணல. குற்றாலம் சீசன்னு சொல்லி தென்காசியில சித்தி வீட்டுக்கு வந்திருக்கேன். பின்னாடி ஏதாவது சத்தம் கேட்டா அது சாரல். எடிட்ல எடுக்க முடியல, மன்னிச்சுக்கோங்க.

குளிக்க வந்த எனக்கு இங்க ஒரு பஞ்சாயத்து காத்திருந்துச்சு. சித்தி பொண்ணு பி.எட். ரெண்டாவது வருஷம். பக்கத்துல ஒரு ஸ்கூலுக்கு கற்பித்தல் பயிற்சிக்குப் போறா. பத்தாம் வகுப்பு அறிவியல், ஒளியியல் பாடம். அன்னைக்கு அவ வகுப்பைப் பார்த்து மார்க் போட காலேஜ்ல இருந்து லெக்சரர் வந்து கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கார். இவ லேப்டாப்புக்கு போன்ல இருந்து ஹாட்ஸ்பாட் குடுத்து, புத்தகத்துல இருக்கிற கியூஆர் கோடுக்கான வீடியோவை புரொஜெக்டர்ல போட்டிருக்கா. போட்டது மட்டும்தான். ஓடல.

"வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சுண்ணே. பிள்ளைய எல்லாம் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாவ. இனிமே எனக்கு சாக்பீஸே போதும்"னு சொல்லிட்டா.

சாக்பீஸ் போதும்னு நினைக்கிறது தப்பில்ல. ஆனா பயந்துபோய் அந்த முடிவுக்கு வரக் கூடாதுன்னு தோணுச்சு. அதனால ரெண்டு பேரும் உட்கார்ந்து, எங்க தப்பாச்சுன்னு பிரிச்சுப் பார்த்தோம். டெவலப்பர் பாஷையில சொன்னா டீபக் பண்ணோம்.

கியூஆர் கோடுக்குள்ள என்ன இருக்கு?

நிறைய பேர் நினைக்கிற மாதிரி அந்தக் கட்டத்துக்குள்ள வீடியோ இல்ல. கியூஆர் கோடு 1994-ல ஜப்பான்ல டென்சோ வேவ் கம்பெனியில கார் பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கினது. அதுல சேமிக்க முடியுறது கொஞ்சம் எழுத்துதான். கொஞ்சம் கிழிஞ்சாலும், மை கொட்டினாலும் படிக்கிற மாதிரி அதுல கூடுதல் தகவல் சேர்த்திருப்பாங்க. பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு இது ரொம்பப் பொருத்தம், இல்லையா?

தமிழ்நாட்டுல 2018-ல 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு வந்த புதுப் புத்தகங்கள்ல இந்தக் கோடு இருந்துச்சு. பத்தாம் வகுப்புக்கு 2019-ல வந்துச்சு. இது போய்ச் சேர்ற இடம் தீக்ஷா. மத்திய அரசு 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்னைக்கு ஆரம்பிச்ச தளம். கோடுக்குக் கீழ ஆறு எழுத்து அச்சடிச்சிருக்கும், கவனிச்சிருக்கீங்களா? ஸ்கேன் பண்ண முடியலைன்னா அதை டைப் பண்ணலாம்.

இதுல ஒரு அழகான டிசைன் இருக்கு. புத்தகத்துல இருக்கிறது வெறும் அடையாள எண். அந்த எண்ணுக்கு எந்த வீடியோ, எந்தக் கேள்விங்கிறது சர்வர்ல இருக்கு. அதனால வீடியோவை மாத்தணும்னா புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டாம். ரேஷன் கார்டு நம்பர் மாதிரின்னு வச்சுக்கோங்க. நம்பர் அப்படியே இருக்கும், கடையில என்ன சரக்கு இருக்குங்கிறது மாறும்.

இதோட விலை என்னன்னா, கடை வரைக்கும் நடந்து போகணும். அதாவது நெட் வேணும். ஒரு சின்னக் கணக்கு. அஞ்சு நிமிஷ வீடியோ 50 எம்.பி.ன்னு வைங்க. 50-ஐ 8-ஆல பெருக்கினா 400 மெகாபிட். 300 செகண்ட்ல அது வந்து சேர நொடிக்கு 1.33 மெகாபிட் நிலையா கிடைக்கணும். அதுக்குக் கீழ போனா வட்டம் சுத்தும்.

இங்க இருந்து மத்தளம்பாறை ரொம்ப தூரம் இல்ல. 2011-ல இருந்து ஜோஹோ அங்க இருக்கு. உலகம் முழுக்கப் போற சாஃப்ட்வேர் அங்க எழுதுறாங்க. அதே சுத்துவட்டாரத்துல ஒரு வகுப்பறையில அஞ்சு நிமிஷ வீடியோ ஓடல. நெட் ஊருக்குள்ள வர்றது வேற, கெட்டிச் சுவர் தாண்டி வகுப்புக்குள்ள வர்றது வேற.

முதல்ல பிரச்சனை, அப்புறம் டூல்

மகாராஷ்டிராவுல சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடின்னு ஒரு கிராமம். அங்க தொடக்கப்பள்ளி ஆசிரியரா இருந்தவர் ரஞ்சித்சிங் திசாலே. பாடப்புத்தகத்துல கியூஆர் கோடுங்கிற யோசனை நாடு முழுக்கப் பரவ முக்கியக் காரணம் இவர்தான். 2020-ல உலக ஆசிரியர் விருதும் 10 லட்சம் டாலரும் கிடைச்சது. அதுல பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மத்த 9 பேருக்குப் பிரிச்சுக் குடுத்துட்டார்.

அவர் "கியூஆர் கோடு புதுசா இருக்கே, வகுப்புல போட்டுப் பார்ப்போம்"னு ஆரம்பிக்கல. அங்க வீட்டுல கன்னடம் பேசுற பிள்ளைங்க நிறைய. புத்தகம் அவங்க மொழியில இல்ல. அந்தப் பிரச்சனைக்குத்தான் புத்தகத்தை மொழிபெயர்த்தார், பாட்டையும் கதையையும் கோடு வழியா சேர்த்தார்.

இதைச் சொல்லிட்டு சித்தி பொண்ணுகிட்ட கேட்டேன்: "ஏட்டி, அந்த வீடியோ எந்தப் பிரச்சனைக்கு?" கொஞ்ச நேரம் யோசிச்சா. "லெக்சரர் பார்ப்பாரேன்னு போட்டேண்ணே"ன்னா. நேர்மையான பதில். ஆபீஸ் டெமோவுல நானும் இதைப் பண்ணியிருக்கேன்.

மாத்திப் போட்ட பாடம்

பிள்ளைங்களுக்கு உண்மையிலேயே குழப்பம் எங்கன்னு பார்த்தோம். ஒளி காத்துல இருந்து தண்ணிக்குள்ள போகும்போது செங்குத்துக் கோட்டை நோக்கி வளையுமா, விலகிப் போகுமா? இதை மனப்பாடம் பண்றாங்க, பரீட்சையில மாத்தி எழுதுறாங்க.

அதுக்கு அவ போட்ட புதுத் திட்டம் இது. முதல்ல ஒரு பாத்திரம், ஒரு நாணயம். நாணயம் கண்ணுக்கு மறையுற வரைக்கும் பின்னால தள்ளி நிக்கணும். தண்ணி ஊத்தினா நாணயம் திரும்பத் தெரியும். ஏன்? எல்லாரும் நோட்டுல கதிர்ப்படம் வரையணும். அதுக்கு அப்புறம்தான் லேப்டாப்.

லேப்டாப்புல ஃபெட்னு ஒரு சிமுலேஷன். அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல, நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் 2002-ல ஆரம்பிச்ச திட்டம். இலவசம். அவங்களோட புது சிமுலேஷன்களை ஒரே எச்.டி.எம்.எல். ஃபைலா டவுன்லோட் பண்ணிக்கலாம், பல சிமுலேஷன்கள் தமிழ்லயும் இருக்கு. வீட்டுலயே பென்டிரைவ்ல ஏத்தியாச்சு. ஸ்கூல்ல பிரவுசர் இருந்தா போதும், நெட் வேண்டாம். தீக்ஷா ஆப்லயும் வீடியோவை முன்னாடியே இறக்கி வச்சுக்கலாம்.

இதுல லேசரைத் திருப்பலாம், பாகைமானி வச்சு அளக்கலாம். காத்துல 45 டிகிரியில விட்டா தண்ணிக்குள்ள சுமார் 32 டிகிரி. தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33. கண்ணாடிக்கு மாத்தினா இன்னும் வளையும். ஒவ்வொரு தடவையும் முதல்ல பிள்ளைங்க கணிக்கணும், அப்புறம்தான் அவ லேசரைப் போடுவா. 45 நிமிஷத்துல ஸ்கிரீன் எரியுறது 10 நிமிஷம்தான்.

ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் வந்து சொன்னா. நிறைய பேர் கதிரை எதிர்ப்பக்கம் வளைச்சு வரைஞ்சிருந்தாங்களாம். முதல் வகுப்புல வீடியோ நல்லா ஓடியிருந்தா அது தெரிஞ்சிருக்கவே செய்யாது. எல்லாரும் பார்த்திருப்பாங்க, புரிஞ்சுதான்னு கேட்டா ஆமான்னு தலையாட்டியிருப்பாங்க.

பயிற்சி ஆசிரியரா இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, வகுப்புக்கு முன்னாடி உங்களை நீங்களே மூணு கேள்வி கேட்டுக்கோங்க. நெட் இல்லாம இது ஓடுமா? பிள்ளைங்க இதைப் பார்க்க மட்டும் செய்றாங்களா, முன்னாடி யோசிச்சு ஒரு பதில் சொல்றாங்களா? கரண்டும் போயிட்டா அடுத்த நிமிஷம் போர்டுல என்ன வரைவீங்க? மூணாவதுக்குப் பதில் இருந்தா தைரியமா டூலை எடுத்துட்டுப் போங்க.

அவ குடுத்த வீட்டுப்பாடத்தோட முடிச்சுக்கறேன். அடுத்த தடவை அருவிக்குப் போகும்போது சாரலோட வெயிலும் அடிச்சா வானவில்லைத் தேடணும். தெரிஞ்சா, அப்போ சூரியன் உங்களுக்கு முன்னாடியா, பின்னாடியா? பார்த்துட்டு வந்து ஏன்னு எழுதணும். இதுக்கு டவுன்லோட் எதுவும் வேண்டாம்.

நான் நாளைக்கு ஐந்தருவிக்குப் போய் என் வீட்டுப்பாடத்தை முடிக்கணும். நீங்களும் முயற்சி பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.