ஊதாக் கடந்த ஒளியும் மலைநாட்டுக் குடிநீரும்

மலையுச்சியிற் பிறந்து பாறையிடுக்கில் வழிந்துவரும் நீரைக் காண்போர், அதனினும் தூயது பிறிதில்லை என எண்ணுவர். ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே இத்தகைய நீரைப் பீலிவழியாகவும் குழாய்வழியாகவும் பெற்று, லயங்களில் வாழும் மக்கள் பலர் பருகுகின்றனர். ஆயின் ஊற்றுக்கு மேலே மலசலகூடமோ மாட்டுத்தொழுவமோ இருப்பின், மழைக்காலத்தில் அவற்றின் கழிவு நீரிற் கலத்தல் கூடும். நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, ஈரல் அழற்சி முதலிய நோய்கள் இவ்வழியே பரவுவன. கண்ணுக்குத் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது என்பதே நாம் முதற்கண் உணரவேண்டிய உண்மையாகும்.

நீரைக் கொதிக்கவைத்தல் பழைய வழி, நல்ல வழியுமாகும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை செல்சியசு அளவிலேயே கொதிக்குமெனினும், நோய்க்கிருமிகளை ஒழிக்க அவ்வெப்பம் போதும். ஆனால், காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லும் தாயொருத்தி, குடும்பத்துக்கு வேண்டிய குடிநீர் முழுவதையும் நாள்தோறும் காய்ச்சுதற்கு விறகுக்கு எங்கே போவாள்? ஆகவே, ஒளியின் துணையை ஆராய்தல் தகும்.

1801 இல் ஜேர்மனிய அறிஞர் ரிற்றர், ஊதா நிறத்துக்கு அப்பால், கட்புலனாகாத கதிர்கள் உள எனக் கண்டார். 1877 இல் டவுன்ஸ், பிளன்ற் என்னும் பிரித்தானியர் இருவர், சூரியவொளி பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதை எடுத்துக்காட்டினர். 1910 இல் பிரான்சின் மார்செய் நகரிலே குடிநீரைத் தூய்மையாக்க இக்கதிர் பயன்படுத்தப்பட்டது.

இது தொழிற்படுமாறு யாது? தாழமுக்க இரசவாவி விளக்கிலிருந்து 254 நனோமீற்றர் அலைநீளமுள்ள கதிர் வெளிப்படுகின்றது. அது கிருமியினுட் புகுந்து, அதன் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள தைமின் மூலக்கூறுகளைத் தம்முள் பிணைத்துவிடும். அதனாற் கிருமி தன்னினத்தைப் பெருக்கும் ஆற்றலை இழக்கும். பெருகவியலாக் கிருமி நோய்செய்யவும் இயலாது. குளோரீனுக்கு எளிதில் அடங்காத சில நுண்ணுயிர்களும் இக்கதிருக்கு அடங்குவன. நீரின் சுவையோ மணமோ மாறுவதில்லை.

1992 இல் இந்தியாவிலே புதுவகை வாந்திபேதி தோன்றியபின், அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அசோக் காட்கில் என்பார், சிற்றூர்களுக்கேற்ற கருவியொன்றை அமைத்தார். அதில் விளக்கு நீருள் மூழ்காது நீர்ப்பரப்பின் மேலே நிற்கும். நீர் புவியீர்ப்பினாலேயே ஓடும். மின்தேவை ஏறக்குறைய 60 உவாற்று மட்டுமே. சரிவு நிறைந்த மலைநாட்டுக்கு இம்முறை பொருந்துவதே.

எனினும் இதன் குறைகளையும் மறைத்தலாகாது. கலங்கல் நீரிலே மண்துகளின் நிழலிற் கிருமி ஒளிந்து தப்பும். எனவே மழைக்கால நீரை முதலில் மணலால் வடித்தல் வேண்டும். தோட்டத்திற் தெளிக்கப்படும் களைகொல்லி, பூச்சிகொல்லி ஆகியவற்றை இச்சிறு விளக்கு போக்காது. ஊற்றுக்கண்ணைக் காத்தலே அதற்கு வழி. ஒளிபட்ட நீரிலே குளோரீன்போற் காவல் எதுவும் எஞ்சாமையால், அழுக்கான குடத்திற் சேர்த்தால் மீண்டும் மாசுறும். விளக்கின் கிருமிகொல்லும் வலிமை ஏறத்தாழ ஓராண்டில் தளர்ந்துவிடும். அப்போதும் அது நீலநிறத்தோடு எரிந்துகொண்டேயிருக்கும். கண்டவர் நம்பிக் குடிப்பர். மின் தடைப்படின் நீரோட்டமும் தானே அடைபடுமாறு அமைத்தல் இன்றியமையாதது. தெளிந்த போத்தலில் நீரை நிரப்பி ஆறு மணிநேரம் வெயிலில் வைக்கும் முறை செலவற்றது. ஆயின் மூடுபனி கவியும் மலையில் இரண்டு நாள் வரை வைக்க நேரும்.

ஆகவே விளக்கை வாங்குதல் எளிது. ஆண்டுதோறும் அதனை மாற்றுதற்கும் நாள்தோறும் துடைத்தற்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தலே அரிது. 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதுமுதல், மலைநாட்டு ஆறுகள் இத்தீவின் பல இல்லங்களுக்கு ஒளி தந்து வருகின்றன. அவ்வொளியிற் சிறுபகுதியேனும் மலைமக்களின் குடிநீரைக் காத்தற்குத் திரும்பி வருமாயின், அஃது உதவியன்று, கடன் தீர்த்தலேயாகும்.